காத்திருந்த கோப்பும் காத்திராத கைதும்

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்தபோது 'சாம்னா' நாளிதழில் வந்த தலையங்கங்கள் ஒரு பக்கம். 2012 நவம்பரில் பால்கர் ஊரைச் சேர்ந்த ஒரு மாணவி ஃபேஸ்புக்கில் எழுதிய சில வரிகள் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே நிற்பவர் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே. முதலாவதில் பத்திரிகையின் ஆசிரியர் அவர். இரண்டாவதில் அவருடைய மரணத்துக்காக நகரம் கதவடைத்ததைப் பற்றித்தான் அந்தப் பெண் கேள்வி எழுப்பினாள். பேச்சைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நியாயமாக நடந்துகொள்கிறதா, நடந்ததற்குப் பொறுப்பேற்கிறதா என்று பார்க்க இவ்விரண்டையும் அருகருகே வைத்தாலே போதும்.

மும்பைத் தமிழர்களுக்கு இது அடுத்த வீட்டுக் கதை அல்ல. தாக்கரே 1960இல் தொடங்கிய 'மார்மிக்' என்ற கார்ட்டூன் வார இதழ், அறுபதுகளில் நகரத்து அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருந்த குமாஸ்தாக்களும் டைப்பிஸ்ட்டுகளும் ஸ்டெனோக்களும் கொண்ட குடும்பங்கள் அந்தக் காலத்துப் பயத்தை இன்னும் மறக்கவில்லை. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை பிறந்தது. உடுப்பி ஹோட்டல்கள் மீது கல் விழுந்தது. இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒன்றுண்டு: அந்தப் பட்டியலில் வசைச்சொல் ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை. வெறும் பெயர்கள், பதவிகள். எந்தச் சொல்லைத் தடைசெய்வது என்று தேடினால் எதுவும் சிக்காது. பட்டியலைப் போட்டவர் யார், அவர் பின்னால் எத்தனை பேர் தெருவில் இறங்குவார்கள் என்பதில்தான் அதன் கூர்மை இருந்தது. பேச்சின் ஆபத்தைச் சொல்லை மட்டும் வைத்து அளப்பவர்கள் இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள்.

1992 டிசம்பர் 6க்கு வருவோம். பாபர் மசூதி இடிக்கப்பட்ட அன்று தாராவியில் சிவசேனையினர் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். அது காலா கிலாவில் கூட்டமாக முடிந்தது, அங்கே ஆத்திரமூட்டும் பேச்சுகள் பேசப்பட்டன என்று கலவரத்தை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவுசெய்திருக்கிறது. இரண்டு மாதங்களில் நகரத்தில் 900 பேர் இறந்தார்கள். 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். 'சாம்னா', 'நவாகாள்' போன்ற ஏடுகளின் எழுத்து நெருப்புக்கு எண்ணெய் ஊற்றியதையும் ஆணையம் சுட்டிக்காட்டியது. அதன் அறிக்கை 1998 பிப்ரவரியில்தான் அரசிடம் போய்ச் சேர்ந்தது. நடுவில் 1996இல் சிவசேனை–பாஜக அரசு ஆணையத்தையே ஒருமுறை கலைத்துவிட்டு, சில மாதங்களில் மீண்டும் உயிர்கொடுத்தது.

தலையங்கங்களுக்கு எதிராக யாரும் நீதிமன்றம் போகவில்லையா? போனார்கள். மகாராஷ்டிரத்தின் முன்னாள் தலைமைச் செயலர் ஜே.பி. டிசௌஸாவும் பத்திரிகையாளர் திலீப் தாக்கோரும், தாக்கரே மீது வழக்குத் தொடர அரசுக்கு உத்தரவிடுமாறு பம்பாய் உயர் நீதிமன்றத்தைக் கேட்டார்கள். அந்தத் தலையங்கங்கள் முஸ்லிம் சமுதாயம் முழுவதையும் தாக்கவில்லை, தேசவிரோதிகள் எனக் கருதப்பட்டவர்களை மட்டுமே சாடின என்ற பார்வையில் 1994 செப்டம்பரில் மனு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. பிறகு 2000 ஜூலையில் மாநில அரசு தாக்கரேயைக் கைது செய்தது. அன்றே மாஜிஸ்ட்ரேட், காலவரம்பு கடந்துவிட்டது என்று வழக்கை முடித்து அவரை விடுவித்தார். ஏழாண்டுக்கு மேல் கிடந்த விவகாரம் சில மணி நேரத்தில் தீர்ந்தது.

காலம் எப்படிக் கடந்தது என்பதற்குச் சட்டத்துக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. சமூகங்களிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும் 153ஏ, மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் 295ஏ ஆகிய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளின்கீழ் வரும் வழக்கை, அரசின் முன் அனுமதி இல்லாமல் எந்த நீதிமன்றமும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196ஆம் பிரிவு அப்படிச் சொன்னது. நோக்கம் நல்லதுதான்: பொழுதுபோகாதவர்கள் போடும் பொய்வழக்கிலிருந்து எழுத்தாளர்களைக் காப்பது. ஆனால் அரசு 'சரி' என்றோ 'முடியாது' என்றோ இத்தனை நாளுக்குள் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. மூன்றாண்டுவரை மட்டுமே தண்டனையுள்ள குற்றங்களுக்கு வழக்கெடுக்கும் காலவரம்பும் மூன்றாண்டு. ஆகவே கோப்பு மேசையில் கிடந்தாலே போதும். மறுத்ததாகவும் ஆகாது, காரணம் எழுதவும் வேண்டாம், மேல்முறையீட்டுக்கு ஒரு உத்தரவும் கையில் கிடைக்காது.

இனிப் பால்கர். மேற்கு ரயில்வேயில் விராருக்கு அப்பால் உள்ள ஊர், அப்போது தாணே மாவட்டத்தில் இருந்தது. 2012 நவம்பர் 17 அன்று தாக்கரே காலமானார். மறுநாள் மும்பையும் சுற்றுவட்டாரமும் அடைத்துக் கிடந்தன. 21 வயது மாணவி ஒருத்தி, நகரம் அடைபட்டது பயத்தால், மரியாதையால் அல்ல என்ற பொருளில் ஃபேஸ்புக்கில் எழுதினாள். அவள் தோழி அதற்கு லைக் போட்டாள். உள்ளூர் சிவசேனைப் பிரமுகர் புகார் கொடுத்தார். ஒரு கும்பல் அந்தப் பெண்ணின் மாமாவுடைய எலும்பு முறிவு மருத்துவமனைக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. இரண்டு பெண்களும் கைதானார்கள். போலீஸ் முதலில் போட்டது அதே 295ஏ. பிறகு அதை மாற்றி, பகை மூட்டும் கூற்றுகளுக்கான 505(2), இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதற்கான தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ என்று எழுதியது. மாஜிஸ்ட்ரேட் தலா 15,000 ரூபாய்ப் பிணையில் விட்டார்.

கைது செய்ய எந்த அரசு அனுமதியும் தேவைப்படவில்லை. 196ஆம் பிரிவின் காவல் நீதிமன்ற வாசலில் மட்டும்தான், போலீஸ் நிலைய வாசலில் கிடையாது. தலையங்க வழக்கில் தண்டனைக்கான வழி நீதிமன்ற வாசலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது, அங்கேயே அடைபட்டது. மாணவி விஷயத்தில் தண்டனை முன்வாசலிலேயே முடிந்துவிட்டது. வழக்கு நடக்கும் முன்பே அவள் கைதியானாள், படம் நாடெங்கும் வந்தது, மாமாவின் மருத்துவமனை பாழானது. பிறகு வழக்கு கைவிடப்பட்டதால் இதில் எதுவும் திரும்பி வரவில்லை. ஒரே சட்டப் பிரிவு வலியவருக்குக் கேடயமாகவும் எளியவருக்குச் சாட்டையாகவும் ஆவதற்கு யாரும் சட்டத்தை மீறியிருக்கத் தேவையில்லை. சட்டம் எழுதப்பட்டிருந்த விதமே அதற்கு இடம் கொடுத்தது.

இதைக் கட்சிக் கணக்காகப் பார்த்துவிட்டுப் போவது எளிது. ஆனால் கலவரத்தின்போதும் சரி, பால்கர் கைதின்போதும் சரி, ஆட்சியில் இருந்தது சிவசேனை அல்ல. முன்னதில் காங்கிரஸ், பின்னதில் காங்கிரஸ்–தேசியவாத காங்கிரஸ் கூட்டணி. ஒரு கோப்பில் கையெழுத்திட்டால் நகரம் பற்றி எரியுமோ என்ற அச்சம் ஒரு சமயம். ஒரு பெண்ணை உடனே கைது செய்யாவிட்டால் ஊர் எரியுமோ என்ற அச்சம் மறுசமயம். இரண்டிலும் கூட்டத்தின் கோபம்தான் அளவுகோலாக இருந்தது, எழுதியதன் தன்மை அல்ல. புதுச்சேரியில் அதே 2012 அக்டோபரில் அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகன் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதிய ஒரு சிறுதொழில் முனைவோரை அதே 66ஏயின்கீழ் கைது செய்தார்கள். அங்கே கூட்டம்கூடத் தேவைப்படவில்லை.

ஒரு வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். பால்கர் விவகாரத்தில் பொறுப்புக் கேட்கப்பட்டது. பிரஸ் கவுன்சில் தலைவர் மார்க்கண்டேய கட்ஜு முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் இரண்டு போலீஸ் அதிகாரிகள் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். மூத்த அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் 66ஏயில் கைது கூடாது என்று 2013 ஜனவரியில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. இந்தக் கைது தூண்டிய ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏயைச் செல்லாததாக்கியது. கலவர நாட்களின் எழுத்துக்காகவோ, கிடப்பில் போட்ட கோப்புக்காகவோ இப்படி யாரும் பதில் சொன்னதில்லை. 900 உயிர் போன பிறகும்.

ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பின் இன்னொரு பாதி அதிகம் பேசப்படுவதில்லை. இணையத்தில் ஒன்றை முடக்கும் 69ஏ பிரிவை நீதிமன்றம் காப்பாற்றியது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், குழு ஆராய வேண்டும், எழுதியவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடுகள் இருந்ததே அதற்குக் காரணம். ஆனால் அதே விதிகளில் முடக்கும் உத்தரவுகள் ரகசியமாக இருக்க வேண்டும் என்றும் உள்ளது. எழுதிவைத்த காரணம் எழுதியவர் கைக்கு வராவிட்டால் அது எழுதாததற்குச் சமம் என்றுதான் நான் நினைக்கிறேன். தன்னைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று மத்திய அரசே தீர்மானிக்கும் அலகு ஒன்றுக்கு 2023இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் வழிசெய்தன. அதை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது இதே நகரத்திலிருந்து நல்ல சேதி வந்தது.

பகை மூட்டும் பேச்சை அடக்கத் தாராவி தனக்கே உரிய ஒரு வழி தேடியது. கலவரத்துக்குப் பின் தொண்ணூறுகளில் உருவான மொஹல்லா கமிட்டிகளில் பாவு கோர்டே, வகார் கான் ஆகிய இருவரின் உழைப்பு பேர்போனது. செம்பூருக்குப் பக்கத்தில் தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தின் அஞ்சலி மொண்டெய்ரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003இல் எடுத்த 'நாத்தா' ஆவணப்படம் இவர்களைப் பற்றியது. வதந்தி கிளம்பினால் அதைச் சொன்னவரிடமே போய்க் கேட்பது, இரு தரப்பையும் ஒரே இடத்தில் உட்காரவைப்பது என்பது இத்தகைய கமிட்டிகளின் வேலை. இதில் அடக்கச் சொல்பவரும் அதே சந்துக்காரர். அவர் ஒருதலையாக நடந்தால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஏன் என்று கேட்கலாம். அதுதான் இதன் பலம். பலவீனமும் பெரிது: எழுதிவைத்த விதி இல்லை, நல்ல மனிதர் போனால் அமைப்பும் போகும், சமாதானம் என்ற பெயரில் பாதிக்கப்பட்டவரின் புகாரையே அமுக்கிவிடவும் முடியும். ஒரு கோடிக்கும் அதிகமானோர் உள்ள நகரத்துக்கு இது மட்டும் போதாது.

சட்டத்தின் முன்வாசலில் இப்போது ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், முதல் தகவல் அறிக்கை போடும் முன் 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தப் போலீசுக்கு வழிவிடுகிறது. பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில் இந்த வழியைப் பயன்படுத்துவதே பொருத்தம் என்று, ஒரு கவிதைக்காகக் காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் போட்ட வழக்கை ரத்து செய்த 2025 மார்ச் 28 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பால்கர் மாணவிக்கு அன்று இது இருந்திருந்தால் அந்தக் கைது நடக்காமல் போயிருக்கலாம். ஆனால் 196ஆம் பிரிவு புதிய சட்டத்தில் 217 என்ற எண்ணோடு அப்படியே தொடர்கிறது. பகை மூட்டும் பேச்சுக்கு அனுமதி கேட்டுப் போகும் கோப்பை அரசு எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும், மறுத்தால் காரணத்தை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவில் இன்னும் ஒரு வரிகூடச் சேர்க்கப்படவில்லை.