விவிலியத்தில் சொப்பனமும் தரிசனமும்

பெலிஸ்தரோடு நடக்கவிருந்த கடைசிப் போருக்கு முன் சவுல் அரசன் கடவுளிடம் வழி கேட்டான். சொப்பனத்திலும் மறுமொழி இல்லை, ஆசாரியரின் ஊரீமிலும் இல்லை, தீர்க்கதரிசிகளிடமிருந்தும் இல்லை என்கிறது முதலாம் சாமுவேல் நூலின் 28ஆம் அதிகாரம். இறைவனின் சித்தத்தை அறியப் பண்டைய இஸ்ரவேலர் ஒப்புக்கொண்டிருந்த வழிகள் எவை என்பது இந்த ஒரே வசனத்தில் தெரிந்துவிடுகிறது. அவற்றில் முதலாவதாக வருவது சொப்பனம். ஆனால் அதே இஸ்ரவேலின் நூல்கள் சொப்பனக்காரரை நம்பி ஏமாற வேண்டாம் என்றும் பலமுறை எச்சரிக்கின்றன. கனவை இறைவனின் தூதாக மதிப்பது, மதிக்குமுன் அதைச் சோதிப்பது என்ற இரண்டும் ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை சேர்ந்தே வருகின்றன. இவற்றில் சோதிப்பதற்கே விவிலியம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறது.

பொதுவாகச் சொப்பனம் உறக்கத்தில் வருவது. தரிசனம் விழிப்பிலோ பரவசத்திலோ வருவது. இந்த எல்லை அவ்வளவு கறாரானதல்ல. தானியேல் படுக்கையில் கண்டதைச் சொப்பனம் என்றும் தரிசனம் என்றும் ஒரே வசனம் சொல்கிறது. சீலோவில் உடன்படிக்கைப் பெட்டி இருந்த ஆலயத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேல் கேட்டது ஒரு குரலைத்தான். அதுவும் தரிசனம் என்றே குறிக்கப்படுகிறது. மூன்று முறை அழைப்பு வந்தும் சிறுவனுக்கு விளங்கவில்லை. கண் மங்கிய கிழவரான ஏலி ஆசாரியர்தான் அழைப்பவர் யார் என்று கண்டுகொள்கிறார். எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் இவ்வழிகளைத் தரம் பிரிக்கிறது: மற்றத் தீர்க்கதரிசிகளுக்குத் தரிசனமும் சொப்பனமும், மோசேக்கோ மறைபொருள் இல்லாத நேர்ப்பேச்சு. ஆகவே கனவு மதிப்புள்ள வழிதான்; உச்சியில் உள்ள வழியல்ல.

இஸ்ரவேலைச் சுற்றியிருந்த நாடுகள் எல்லாமே கனவைத் தெய்வவாக்காகக் கொண்டவை. கி.மு. 22ஆம் நூற்றாண்டளவில் சுமேரிய நகரமான லகாசை ஆண்ட குதேயா, நின்கிர்சு தெய்வத்துக்குக் கோயில் எழுப்பும்படி கனவில் உத்தரவு பெற்ற கதை பெரிய களிமண் உருளைகளில் எழுதப்பட்டுள்ளது. எகிப்தில் நான்காம் துத்மோசு, ஸ்பிங்ஸ் சிலையின் நிழலில் உறங்கியபோது தனக்கு அரியணை வாக்களிக்கப்பட்டதாகச் சொல்லும் கல்வெட்டு இன்றும் அச்சிலையின் முன்னங்கால்களுக்கிடையே நிற்கிறது. யூப்ரட்டீஸ் கரையிலிருந்த மாரி நகரத்துக் கடிதங்கள் இன்னும் சுவையானவை. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் சிம்ரிலிம் மன்னனுக்கு அவனுடைய அதிகாரிகள் யார் யார் என்ன கனவு கண்டார்கள் என்று எழுதி அனுப்பினார்கள். சில கடிதங்களோடு கனவு கண்டவரின் ஒரு கற்றை முடியும் ஆடையின் ஓரத்துண்டும் போயின. அவற்றை வைத்து நிமித்தம் பார்த்துக் கனவு மெய்யா என்று அரண்மனை சரிபார்த்தது. கனவைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் இஸ்ரவேலுக்கு மட்டும் உரியதல்ல. எதைக் கொண்டு சோதிப்பது என்பதில்தான் அவர்கள் வேறுபட்டார்கள்.

மெசபொத்தாமிய ஆய்வறிஞர் லியோ ஓப்பன்ஹைம், பண்டைய கிழக்கத்திய நாடுகளின் கனவுகள் பற்றி 1956இல் வெளியிட்ட நூலில், தெய்வம் வெளிப்படையாகப் பேசும் கனவையும் பொருள் விளக்கம் தேவைப்படும் குறியீட்டுக் கனவையும் பிரித்துக் காட்டினார். ஆதியாகமத்தில் இரண்டும் உண்டு. முதல் வகைக் கனவு அந்நியருக்கும் வருகிறது. சாராளை அழைத்துச்சென்ற கேரார் அரசன் அபிமெலேக்கு கனவிலேயே கடவுளோடு வழக்காடித் தன் நிரபராதத்தை நிலைநாட்டுகிறான். யாக்கோபைத் துரத்திய லாபானுக்கும் கனவில் எச்சரிக்கை வருகிறது. யாக்கோபுக்கே பெத்தேலில் கல்லைத் தலையணையாக வைத்து உறங்கும்போது, தூதர்கள் ஏறி இறங்கும் ஏணி தெரிகிறது, வாக்குத்தத்தம் கிடைக்கிறது. விழித்தெழுந்து கல்லின்மேல் எண்ணெய் வார்த்தவன், உண்ண உணவும் உடுக்க உடையும் தந்து தகப்பன் வீட்டுக்குப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தால் கர்த்தர் என் தேவனாயிருப்பார் என்று நிபந்தனையோடு பொருத்தனை செய்கிறான். இத்தனை பெரிய காட்சிக்குப் பிறகும் பேரம் பேசுகிறவன்தான் யாக்கோபு.

குறியீட்டுக் கனவின் களஞ்சியம் யோசேப்பின் கதை. ஆறு கனவுகள், இரண்டிரண்டாக வருகின்றன. ஒன்றில்கூடக் கடவுள் நேரில் தோன்றிப் பேசுவதில்லை. முதல் இரண்டு யோசேப்பின் கனவுகள்: வயலில் அரிக்கட்டுகள் வணங்குகின்றன, பிறகு சூரியனும் சந்திரனும் பதினொரு நட்சத்திரங்களும். பொருள் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. பகை கொண்ட சகோதரர் கேட்டவுடன் புரிந்துகொண்டார்கள். இரண்டாம் கனவில் ஒரு சிக்கல் உண்டு. சந்திரன் தாய் என்றால், ராகேல் அதற்கு முன்பே பெத்லெகேம் வழியில் இறந்துவிட்டாள். இதைக் கவனித்த யூத ரபிமார், எந்தக் கனவும் முழுமையாகப் பலிப்பதில்லை என்பதற்கு இதையே சான்றாகத் தல்மூதில் காட்டினார்கள்.

எகிப்துச் சிறையில் கண்ட கனவுகள் அடுத்த இரண்டு. பானபாத்திரக்காரரின் தலைவன் மூன்று கொடிகள் பூத்துப் பழுப்பதைக் காண்கிறான். அப்பம் சுடுவோரின் தலைவன் தன் தலைமேலிருந்த மூன்று கூடைகளில் மேற்கூடையின் பண்டங்களைப் பறவைகள் தின்பதைக் காண்கிறான். முன்னவனுக்கு நல்ல பொருள் வந்ததைப் பார்த்த பின்பே பின்னவன் தன் கனவைச் சொல்லத் துணிகிறான் என்பதைக் கதை மறக்காமல் குறிக்கிறது. மூன்றாம் நாள், பார்வோனின் பிறந்தநாளில், ஒருவன் பழைய பதவிக்குத் திரும்பினான்; மற்றவன் தூக்கிலிடப்பட்டான். பிழைத்தவன் யோசேப்பை மறந்தே போனான்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்வோன் கண்ட பசுக்களும் கதிர்களும் எகிப்திய மந்திரவாதிகளைத் திணற வைத்தன. அந்நாட்டில் கனவு நூல்களுக்குப் பஞ்சமில்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கி.மு. 13ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் சுருள் ஒன்று, இன்னது கண்டால் நல்லது, இன்னது கண்டால் கெட்டது என்று வரிசையாகச் சொல்லி, கெட்டது என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. ஆனால் ஆதியாகமத்தில் விடை எந்தச் சுருளிலிருந்தும் வருவதில்லை. ஆசிரியர் கனவை முதலில் தாமே விவரிக்கிறார். பிறகு பார்வோன் அதை யோசேப்பிடம் திரும்பச் சொல்கிறான். அப்போது அரசன் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறான்: இவ்வளவு அவலட்சணமான பசுக்களை எகிப்து தேசம் முழுவதிலும் கண்டதில்லை, கொழுத்தவற்றைத் தின்ற பிறகும் மெலிந்தவை மெலிந்தே இருந்தன. விழித்த பிறகும் அவனை விடாத அச்சம் இந்தச் சேர்க்கைகளில் இருக்கிறது. விளக்கம் தன்னுடையது அல்ல, தேவனுடையது என்று யோசேப்பு முன்னமே சொல்லிவிடுகிறான். கனவு இரட்டித்ததால் காரியம் உறுதி, விரைவிலும் நடக்கும் என்கிறான். அதோடு நிற்கவில்லை, செழிப்பான ஏழு ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்க வேண்டும் என்று திட்டமும் தருகிறான். பார்வோன் அவனை உயர்த்தியது இந்த நிர்வாக அறிவுக்காகவும்தான்.

நியாயாதிபதிகள் நூலில் கிதியோனுக்குத் துணிவு தந்த கனவு அவன் கண்டதல்ல. எதிரிப் பாளயத்து வீரன் ஒருவன், உருண்டு வந்த வாற்கோதுமை அப்பம் கூடாரத்தைக் கவிழ்த்ததாகத் தன் தோழனிடம் சொன்னது. சாலொமோனோ கிபியோன் மேட்டில் ஆயிரம் சர்வாங்க தகனபலி செலுத்திவிட்டு உறங்கிக் கனவில் ஞானத்தைக் கேட்டுப் பெற்றான். தலம் தேடிச் சென்று பலியிட்டுக் கனவுக்குக் காத்திருக்கும் வழக்கத்தின் சாயல் இதில் தெரிகிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

எழுத்துத் தீர்க்கதரிசிகளின் காலத்தில் சொப்பனம் பின்வாங்கித் தரிசனம் முன்வருகிறது. ஆமோஸ் கண்டவை எளிய பொருள்கள்: வெட்டுக்கிளி, நெருப்பு, தூக்குநூல், பழுத்த கனிகள் நிறைந்த கூடை. முதல் இரண்டிலும் அவர் மன்றாடித் தண்டனையைத் தடுத்துவிடுகிறார்; அடுத்து மன்றாட இடமே தரப்படவில்லை. ஏசாயா, உசியா அரசன் இறந்த ஆண்டில் உயர்ந்த சிங்காசனத்தைக் கண்டார். எசேக்கியேல், யோயாக்கீன் அரசன் சிறைப்பட்ட ஐந்தாம் ஆண்டில், அதாவது கி.மு. 593இல், பாபிலோனியாவின் கேபார் ஆற்றங்கரையில் நான்கு ஜீவன்களையும் சக்கரத்துக்குள் சக்கரத்தையும் கண்டார். ஆலயத்தை விட்டு நாடுகடத்தப்பட்டவர்களிடம் இறைமகிமை அந்நிய மண்ணுக்கே வந்தது என்பதுதான் அத்தரிசனத்தின் உயிர்நாடி. சக்கரங்களின் வடிவத்தை ஆராய்வதிலேயே முடங்கிய உரைகள் இதைத் தவறவிட்டிருக்கின்றன.

இதே காலத்தில்தான் சொப்பனத்தின் மீதான கண்டனம் உச்சத்துக்குப் போகிறது. உபாகமம் 13ஆம் அதிகாரத்தின் விதி கடுமையானது: சொப்பனக்காரன் சொன்ன அடையாளம் பலித்தாலும், அவன் வேறு தேவர்களைப் பின்பற்ற அழைத்தால் அவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது. பலித்ததா என்பது அளவுகோல் அல்ல. யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதே அளவுகோல். மாரி அரண்மனைச் சோதனையும் இதுவும் வேறு வேறு உலகங்கள். எரேமியா 23ஆம் அதிகாரம், சொப்பனம் கண்டேன் என்று கூவும் போலிகளைப் பதர் என்று ஒதுக்கி, இறைவார்த்தையைக் கோதுமை என்கிறது. பாபிலோனின் நுகம் சீக்கிரம் முறியும் என்று ஜனங்களுக்கு இனிக்க இனிக்கச் சொன்னவர்கள் இவர்கள். அதே எரேமியாவும் ஓரிடத்தில், மீட்பைப் பற்றிய வாக்குகளுக்கு நடுவே, தாம் விழித்துக்கொண்டதாகவும் உறக்கம் இன்பமாக இருந்ததாகவும் குறிப்பிடுகிறார். அளவுக்கு மிஞ்சிய கவலையால் கனவு வருகிறது என்று பிரசங்கி ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

தானியேல் நூலில் சொப்பனம் அரண்மனைக்குத் திரும்புகிறது. நேபுகாத்நேச்சார் கனவைச் சொல்லாமலே அதன் பொருளைக் கேட்கிறான். தவறினால் ஞானிகளைத் துண்டிக்கச் சொல்கிறான். பொன் தலையும் களிமண் கலந்த இரும்புப் பாதமும் கொண்ட சிலையைத் தானியேல் எடுத்துச் சொல்லி விளக்குகிறார். அடிமையாகப் போன எபிரேய இளைஞன், தோற்றுப்போன அரசவை ஞானிகள், விளக்கம் கடவுளுடையது என்ற அறிக்கை என அனைத்தும் யோசேப்பின் கதையையே நினைவூட்டுகின்றன. ஆனால் 7ஆம் அதிகாரத்தில் நிலைமை தலைகீழாகிறது. கடலிலிருந்து எழும்பும் நான்கு மிருகங்களைக் காண்பவர் தானியேலே. அரசர்களுக்குப் பொருள் சொன்னவர் இப்போது அருகில் நிற்பவரிடம் பொருள் கேட்டுக் கலங்குகிறார். தரிசனம் காண்பவருக்கே விளங்காது, விளக்கத் தூதன் வேண்டும் என்ற அமைப்பு, தரியுவின் இரண்டாம் ஆண்டில், கி.மு. 519இல், சகரியா கண்ட எட்டு இரவுத் தரிசனங்களில் முன்பே உண்டு. பிற்கால வெளிப்பாட்டு இலக்கியம் முழுவதும் இதைப் பின்பற்றியது.

புதிய ஏற்பாட்டில் சொப்பனக் கதைகளைச் சொல்பவர் பெரும்பாலும் மத்தேயு. இயேசுவின் பிறப்பை ஒட்டி ஐந்து கனவுகள்: நான்கு யோசேப்புக்கு, ஒன்று சாஸ்திரிகளுக்கு. மத்தேயு தரும் வம்சவரலாற்றில் மரியாளின் கணவரான இந்த யோசேப்பின் தகப்பன் பெயரும் யாக்கோபு. இவரும் எகிப்துக்குப் போகிறார். பழைய யோசேப்புக்கு வந்தவை குறியீடுகள். இவருக்கு வந்தவை எழுந்திரு, போ என்ற தெளிவான கட்டளைகள். சுவிசேஷங்கள் எதிலும் இவர் பேசியதாக ஒரு வாக்கியமும் இல்லை. கேட்டதைச் செய்கிறார், அவ்வளவே. மத்தேயுவின் ஆறாம் கனவைக் கண்டவள் பிலாத்துவின் மனைவி. கண்டது என்ன என்றே சொல்லப்படவில்லை. அந்த நீதிமானின் நிமித்தம் மிகவும் பாடுபட்டதாக மட்டும் ஆளனுப்புகிறாள். நியாயாசனத்தில் அந்தச் செய்தி எடுபடவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் தரிசனங்களை ஒன்றோடொன்று பின்னுகிறது. செசரியாவில் ரோம நூற்றுக்கதிபதி கொர்நேலியு பிற்பகல் மூன்று மணியளவில் தேவதூதனைக் கண்டு, யோப்பாவுக்கு ஆளனுப்புகிறான். மறுநாள் நண்பகலில், பசித்த வயிற்றோடு மேல்வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்த பேதுரு, நான்கு முனைகளும் கட்டப்பட்ட துப்பட்டி போன்ற ஒன்று சகல உயிரினங்களோடும் இறங்குவதைக் காண்கிறார். அடித்துப் புசி என்ற கட்டளையை அவர் மறுக்கிறார். மூன்று முறை நடந்தும் பொருள் பிடிபடவில்லை. வாசலில் அந்நியர் வந்து நிற்கும்போதுதான் புரியத் தொடங்குகிறது. கொர்நேலியுவின் வீட்டில் அவர் சொல்லும் விளக்கம் உணவைப் பற்றியதே அல்ல: எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது. ஒருவர் தரிசனம் மற்றவர் தரிசனத்தால் உறுதியாகிறது. அதன்பின் பேதுரு எருசலேமுக்குப் போய், கேள்வி கேட்ட சகோதரருக்கு முறையாக விளக்கமளிக்க வேண்டியிருந்தது. துரோவாவில் பவுலை உதவிக்கு அழைத்த மக்கெதோனியா மனிதனின் தரிசனமும் அப்படியே. கண்டவர் பவுல் ஒருவர்; பயணம் இறைவனின் அழைப்பு என்று முடிவெடுத்தது 'நாங்கள்' என்கிறது நூல். பரதீசு வரை எடுக்கப்பட்ட அனுபவத்தைக் கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் தம்மை வேறொருவர் போலவே குறிப்பிட்டு, தயக்கத்தோடு கடந்துவிடுகிறார்.

பத்மு தீவில் கர்த்தருடைய நாளில் யோவான் கண்டவை ஒரு நூல் முழுவதையும் நிரப்பின. அந்நூலும் எளிதில் ஏற்கப்படவில்லை. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு அதன் நடையை ஆராய்ந்து, அது அப்போஸ்தலர் யோவான் எழுதியதல்ல என்று வாதிட்டார். சீரிய மொழிப் பெஷித்தா விவிலியத்தில் முதலில் அது இடம்பெறவில்லை. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் எழுந்த 'ஹெர்மாவின் மேய்ப்பன்' என்னும் தரிசன நூலோ பரவலாக விரும்பிப் படிக்கப்பட்டது. 4ஆம் நூற்றாண்டுச் சீனாய்ச் சுவடியில் புதிய ஏற்பாட்டு நூல்களுக்குப் பின் அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. 367இல் அத்தனாசியு தம் திருவிழாக் கடிதத்தில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை வரிசைப்படுத்தியபோது வெளிப்படுத்தின விசேஷத்தைச் சேர்த்தார். ஹெர்மாவின் நூலைத் திருச்சபையில் புதிதாகச் சேர்வோர் படிக்கத் தகுந்தது என்ற அளவில் பட்டியலுக்கு வெளியே நிறுத்தினார்.