ஆட்டிசம்: முதல் சிறுவனின் முழு வாழ்க்கை

ஆட்டிசம் என்றதும் உங்கள் மனத்தில் தோன்றுவது எது? பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், பொம்மை வண்டியின் சக்கரத்தையே சுழற்றிக் கொண்டிருக்கும் ஒரு குழந்தை, அல்லவா? அந்தக் குழந்தைக்கு முப்பது வயதானால், எண்பது வயதானால் எப்படி இருக்கும்? விடை காண, மருத்துவ வரலாற்றில் ஆட்டிசத்தின் முதல் நபராகப் பதிவான சிறுவனின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

டொனால்டு டிரிப்லெட் 1933-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்தான். தந்தை வழக்கறிஞர். ஊர் வங்கி தாயின் குடும்பத்துக்குச் சொந்தம். இரண்டு வயதிலேயே விவிலியத்தின் 23-ஆம் சங்கீதத்தை ஒப்பித்தான். ஆனால் ‘நான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நீ’ என்பான். தந்தை வீடு திரும்பினாலும் ஏறிட்டுப் பாரான். மருத்துவர் யோசனைப்படி 1937-இல் அவனை ஒரு காப்பகத்தில் விட்டனர். ஓராண்டுக்குப் பின், மனம் பொறுக்காத பெற்றோர் அவனைத் திரும்ப அழைத்து வந்துவிட்டனர்.

மகனைப் பற்றி 33 பக்கங்கள் எழுதியனுப்பிய தந்தை, 1938-இல் அவனைப் பால்ட்டிமோர் நகரிலிருந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கான்னரிடம் அழைத்துச் சென்றார். 1943-இல் கான்னர் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் முதலில் இடம்பெற்றவன் டொனால்டு.

இனிதான் கதையின் முக்கியமான பகுதி. ஒன்பது வயதளவில் டொனால்டு ஒரு விவசாயத் தம்பதியரின் பண்ணையில் வாழச் சென்றான். எதையும் அளந்து பார்க்கும் வெறி அவனுக்கு. ‘அளக்காதே’ என்று அவர்கள் அடக்கவில்லை. கிணறு தோண்டச் செய்து, அதன் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினான். உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். 1945-இல் அங்கு சென்ற கான்னர் இம்மாற்றத்தை நேரில் கண்டு வியந்தார்.

பிறகு அவர் ஊர்ப் பள்ளியில் படித்தார். ஒருமுறை 87-ஐ 23-ஆல் பெருக்கச் சொன்னபோது, உடனே 2001 என்றார்! கல்லூரியில் பிரெஞ்சு மொழி பயின்று 1958-இல் பட்டம் பெற்றார். குடும்ப வங்கியில் வேலை பார்த்தார். 27 வயதில் கார் ஓட்டக் கற்றார். பல நாடுகளைச் சுற்றி வந்தார். ஆயினும் உரையாடல் அவருக்கு எளிதாகிவிடவில்லை. ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். ஆட்டிசம் அகன்றுவிடவில்லை, அதனோடு வாழும் திறன் வளர்ந்தது. 2023-இல், 89-ஆம் வயதில் காலமானார்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? 1971-இல் கான்னரே அவர்களைத் தேடிப் பார்த்து எழுதினார். டொனால்டையும் இன்னொருவரையும் மட்டுமே வெற்றி கண்டவர்களாக அவரால் காட்ட முடிந்தது. நீண்டகாலம் காப்பகங்களில் அடைபட்டிருந்த நால்வர், சிறுவயதில் பெற்றிருந்த திறமைகளையும் இழந்திருந்தனர்.

இயற்பியல் வகுப்பில் நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு: எறிந்த பந்தின் பாதையை அறிய, புறப்பட்ட வேகம் மட்டும் தெரிந்தால் போதாது, வழியில் அதன்மீது செயல்படும் விசைகளும் தெரியவேண்டும். ஆட்டிசம் தாயின் வளர்ப்புக் குறையால் வருவதன்று. மூளையின் வளர்ச்சியோடும் மரபணுக்களோடும் தொடர்புடையது. ஆனால் குழந்தை எப்படிப்பட்ட மனிதனாக வளரும் என்பதில் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஊருக்கும் பங்குண்டு. டொனால்டுக்குச் செல்வமும் துணை நின்றது என்பதை மறுக்க முடியாது.

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதனைக் ‘குழந்தைப் பருவ ஆட்டிசம்’ என்றே குறித்தது. 2013-இல் அதே கையேடு, பல நிறங்கள் கொண்ட நிறமாலையாக, எல்லா வயதினரையும் உள்ளடக்கிப் பெயரிட்டது. பெயரில் வந்த மாற்றம் நம் பார்வையிலும் வரவேண்டாமா? உங்கள் தெருவிலும் இப்படி ஓயாமல் எண்ணிக் கொண்டிருக்கும் ஒரு சிறுவன் இருக்கலாம். அவனை எண்ணாதே என்று அதட்டப் போகிறோமா, எண்ணுவதற்குப் பயனுள்ள ஒன்றைக் கொடுக்கப் போகிறோமா?