குல்மார்க்கின் குளிர்காலம்: 'ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியா'வின் தொடக்க ஆண்டுகள்

குல்மார்க் என்னும் பெயருக்குப் பூக்களின் புல்வெளி என்பது பொருள். அதற்கு மேலே அமைந்த கிலன்மார்க்கும் ஒரு புல்வெளியே. கோடையில் மந்தைகளோடு ஏறிப் பனிக்காலத்துக்கு முன் இறங்கிவிடும் மேய்ப்பர்களின் புல்வெளிகள் இவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமவெளி வெப்பத்துக்கு அஞ்சி அங்கு வந்த ஆங்கிலேயருக்கும் குல்மார்க் கோடை வாசத்தலமாகவே இருந்தது. கோல்ஃப் ஆடினர்; மரக்குடில்களில் தங்கினர்; குளிர் தொடங்கியதும் அவற்றைப் பூட்டிவிட்டு இறங்கினர்.

அந்த வழக்கத்தை மாற்றியது 1927இல் தோன்றிய 'ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியா'. மேஜர் ஹாடோ உள்ளிட்ட இரு ராணுவ அதிகாரிகளின் முயற்சியால் அது உருவாயிற்று. ஆண்டுக்கு இருமுறை, கிறிஸ்துமஸிலும் ஈஸ்டரிலும், போட்டிகள் நடைபெற்றன. குல்மார்க்கில் பனி மிகுதியாகப் பொழிவதோ ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். ஆக, கிளப்பின் நாட்காட்டியை வகுத்தது பனியன்று, விடுப்பு. ராவல்பிண்டியிலிருந்து ஜீலம் பள்ளத்தாக்குச் சாலை வழியே பாரமுல்லா வந்து, டங்மார்க்கிலிருந்து மலையேற வேண்டும். இழுவைக் கம்பிகள் இல்லாத காலம் அது. சில நிமிடச் சறுக்கலுக்காகக் காலை முழுவதும் சரிவில் ஏறினர். ஆயினும் 1938–1940 ஆண்டுகளில் சறுக்குவோர் தொகை 500ஐ எட்டியது என்பது ஒரு கணக்கு.

சரிவுகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களுள் 'கிறிஸ்துமஸ் கல்லி' ஒன்று. பழைய பெயர்களில் கோடைப் புல் இருந்தது. இப்பெயரில் விடுமுறை இருந்தது. கிளப்பின் பெயரிலிருந்த 'இந்தியா'வையும் இவ்வாறே வாசிக்கலாம். குல்மார்க் அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் நேரடி ஆட்சியில் இல்லை. மகாராஜா ஹரி சிங்கின் சமஸ்தானத்தில் இருந்தது. கிளப் தோன்றிய அதே 1927இல்தான், ஏப்ரல் 20 அன்று, சமஸ்தானக் குடிகளை வரையறுத்து வெளியாருக்கு நிலவுரிமையை மறுக்கும் ஆணை வெளியாயிற்று. இரண்டுக்கும் காரணத் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 'இந்தியா' ராணுவக் குடியிருப்புகளின் இந்தியா என்பதை அவ்வாணை தெளிவாக்குகிறது.

1947இல் அந்த இந்தியா மறைந்தது. அக்டோபரில் காஷ்மீரில் போர் மூண்டபின் ராவல்பிண்டிச் சாலையும் துண்டிக்கப்பட்டது. உறுப்பினரும் வழியும் ஒருங்கே அற்றுப்போக, எஞ்சியது பனி மட்டுமே. 1948 டிசம்பரில் தளபதி திம்மய்யா அங்கு ராணுவத்துக்கென ஒரு ஸ்கீ பள்ளியைத் தொடங்கினார்; அதுவே 1962இல் உயர்மலைப் போர்ப் பள்ளி ஆயிற்று. பொதுமக்களுக்கான பயிற்சி நிறுவனம் உருவாக 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியப் பனிச்சறுக்கின் வரலாற்றை 1927இலிருந்து ஒரே தொடராக எழுதுவது எளிது. விடுமுறை, எல்லைக் காவல், சுற்றுலா என மூன்று தேவைகள் ஒரே சரிவில் அடுத்தடுத்து வந்து சென்ற வரலாறாக அதைக் காண்பதே பொருந்தும்.