கூட்டிப் பெருக்கிய மண்

சாலாக் செலாத்தானில் என் வீட்டுச் சன்னலைத் திறந்தால் தண்டவாளமும் அடுக்குமாடிகளும்தான் தெரியும். இந்த வட்டாரத்தில் ஒருகாலத்தில் ஈயம் தோண்டினார்கள் என்பது தரையில் நிற்பவனுக்குச் சட்டென்று புரியாது. மேலிருந்து பார்த்தால் புரியும். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பழைய படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். 1980களின் இறுதியில் எடுத்த படம் ஒன்றில் சுங்கை பீசிப் பக்கம் ஈயக்குட்டைகள் கருந்திட்டுகளாகவும், சுற்றியுள்ள மணல் வெளுத்தும் கிடக்கின்றன. அங்கிருந்து காஜாங், செமினி பக்கம் நகர்ந்தால் பச்சை. ரப்பர்த் தோட்டங்கள்.

மண் அழிந்த கதையைச் சொல்லும்போது நாம் அந்த வெள்ளையைத்தான் சுட்டிக்காட்டுகிறோம். காரணம் இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியில் ஈயத்துக்காகக் கரைத்துவிட்ட மண் ஆற்றுப்படுகையை உயர்த்தி, கோலகுபு என்ற ஊரையே புதைத்தது. 1930களின் தொடக்கத்தில் அரசாங்கம் ஊரை மேட்டுக்கு மாற்றிக் கோலகுபு பாரு என்று பெயர் வைத்தது. அந்த மண் ஊருக்குள்ளேயே வந்து நின்றதால் எல்லோர் கண்ணிலும் பட்டது.

எனக்குச் சந்தேகம் அந்தப் பச்சையின் மேல்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் தோட்டத் துரைமார்களுக்குப் புல் என்றால் ஆகாது. லாலான் புல் பரவினால் ரப்பர் மரம் தேறாது என்ற பயம். அதனால் மரங்களுக்கிடையே ஒரு புல் பூண்டு இல்லாமல் சுரண்டி எடுத்தார்கள். வெளக்கமாத்தால கூட்டுன வாசல் மாதிரி இருக்கணும், அதுதான் நல்ல தோட்டம். சுரண்டியவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மலைச்சரிவில் இப்படி வெறுமையாக்கிய மண்ணின் மேல் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை கொட்டினால் என்ன ஆகும்? மேல்மண் ஓடையில் போனது, வேர் வெளியே வந்தது.

மேலே இலைக்கூரை இருக்கிறதே, மழையைத் தடுக்காதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இலையில் சேரும் நீர் பெரிய சொட்டாகத் திரள்கிறது. எட்டு ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரைக்கு வருவதற்குள் ஏறக்குறைய முழு வேகத்தையும் பிடித்துவிடுகிறது. கீழே புல்லோ சருகோ இல்லையென்றால் அந்த அடி மண்ணுக்குத்தான்.

ஆக, 1920களில் ஒரு செயற்கைக்கோள் இருந்திருந்தால், மண் கரைந்துகொண்டிருந்த அந்தத் தோட்டங்களை நல்ல பசுமை என்றே பதிவு செய்திருக்கும். இன்று மண் அரிப்பைக் கணக்கிடுகிறவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது விஷ்மையரும் ஸ்மித்தும் 1965இல் அமெரிக்க வேளாண் துறைக்காக வெளியிட்ட சமன்பாட்டை, அல்லது அதன் வாரிசுகளை. மழை, மண், சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, தரைப் போர்வை, மனிதர் எடுத்த பாதுகாப்பு. ஆறையும் பெருக்கினால் விடை. போர்வையைப் பச்சையின் அளவிலிருந்து ஊகிக்கிறார்கள். ஆறாவது காரணியான பாதுகாப்பு, அதாவது சரிவுக்குக் குறுக்கே வெட்டிய மேடை, மண் பிடிக்கும் குழி, இவை 30 மீட்டருக்கு 30 மீட்டர் என்ற படப்புள்ளியில் எங்கே தெரியப்போகிறது? தகவல் இல்லாத இடத்தில் அந்தக் காரணிக்கு ஒன்று என்று போட்டுவிடுவது வழக்கம். பாதுகாப்பு எதுவும் இல்லை என்று அர்த்தம்.

அந்த 'ஒன்று' என்னை உறுத்துகிறது. என் பாட்டி வெட்டிய குழிகளும் அதற்குள் அடக்கம்.

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் அமைந்தது. வெறுந்தரை தவறு என்பது 1930களில் பேச்சாகி, இயற்கையாக முளைப்பதைக் கட்டுப்படுத்தி வளரவிடுங்கள் என்று ஹெயின்ஸ் 1934இல் கையேடே எழுதினார். பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் போன்ற பயற்றங்கொடிகளை நிரைகளுக்கிடையே படரவிடும் முறை நிலைத்தது. மண்ணை மூடும், நைட்ரஜனும் சேர்க்கும். 1950களின் மறுநடவில் என் பாட்டி செய்தது இந்த வேலை. "எங்கம்மா புல்லு புடுங்குன காசுல என்னைய வளத்துச்சு. நான் கொடி நட்டு ஒங்கம்மாவ வளத்தேன்" என்று சொல்லிச் சிரிக்கும். மண்ணைக் கெடுக்கவும் கூலி, காக்கவும் கூலி. இரண்டும் அநேகமாக ஒரே கைகள். தோட்ட வரலாறு எழுதியவர்கள் பால்வெட்டைப் பற்றி நிறைய எழுதினார்கள். புல் வெட்டு, கொடி நடவு எல்லாம் 'வெளிக்காட்டு வேலை' என்ற ஒரு சொல்லில் முடிந்துபோகிறது.

தொலையுணர்வைக் குறை சொல்லவில்லை. லைடார் கருவி லேசர் ஒளியை இலை இடுக்கு வழியாக இறக்கித் தரையின் மேடு பள்ளத்தை எடுத்துவிடும். விமானம் பறக்கப் பணம்தான் வேண்டும். 2014இல் சென்ற சென்டினல் ரேடார் மேகத்தைத் துளைக்கும், ஆனால் அடர்ந்த இலைக்கூரைக்குள் அதிகம் போகாது. செலவில்லாத வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். சில வாரங்களுக்குக் கூரை திறந்துகிடக்கும். அந்தச் சமயம் மேகமில்லாத ஒரு நாள் அமைந்தால், கீழே இருப்பது கொடியா, சருகா, செம்மண்ணா என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். நம் நாட்டில் மேகமில்லாத நாளுக்குத்தான் பஞ்சம்.

போன ஆண்டு அப்படி ஒரு பிப்ரவரியில் அம்மாவோடு செமினிப் பக்கம், இன்னும் வெட்டாமல் விட்டிருந்த ஒரு ரப்பர் மேட்டுக்குப் போனேன். சருகை விலக்கிக்கொண்டே நடந்த அம்மா ஓரிடத்தில் நின்று காலால் அழுத்தினார். பொதபொதவென்று உள்ளே போனது. முழங்கால் அகலத்துக்கு ஒரு பழைய குழி, மேலிருந்து வந்த மண்ணும் சருகும் முக்கால்வாசி நிரம்பி. அதே வரிசையில் இன்னும் நான்கு இருந்தன.

இரவு வீட்டில் அந்த இடத்தின் படத்தைத் திறந்து காட்டினேன். ஒரு சின்னப் பச்சைச் சதுரம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார்.

"இதுல குழி எங்கடா?"