புறா பறந்த அட்டை

1990களில் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் கல்லாவில் இருந்தேன். யாராவது கிரெடிட் கார்டை நீட்டினால், முதலில் அதை விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பேன். விசா கார்டில் வெள்ளிப் புறா சிறகசைப்பதுபோல் தெரிய வேண்டும். மேடாகப் பொறித்த கடைசி எண்கள் அந்தப் புறாப் படமான ஹாலோகிராமின் மேலேயே ஏறியிருக்கும். திருட்டுக் கார்டின் எண்களைச் சூடுகாட்டி மட்டமாக்கி வேறு எண் பொறித்தால், படம் சிதைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஹாலோகிராமின் கோட்பாட்டை 1947இல் கண்டறிந்தவர் டென்னிஸ் காபோர். அதற்காக 1971இல் நோபல் பரிசு பெற்றார். 1983இல் மாஸ்டர்கார்டு ஹாலோகிராமைத் தன் அட்டைகளில் பதித்தது. ஆனால் மோசடிக்காரர்கள் பின்புறக் காந்தப்பட்டையைப் படியெடுக்கத் தொடங்கினார்கள். அன்று ஏடிஎம் இயந்திரம் படித்தது பட்டையைத்தான், படத்தை அல்ல.

அதற்கு விடையாக வந்தது சிப். பிரான்சின் ரோலான் மொரேனோ 1974இலேயே சிப் பதித்த அட்டைக்குக் காப்புரிமை கோரியிருந்தார். 1992 இறுதிக்குள் அந்நாட்டு வங்கி அட்டைகளில் சிப் இடம்பிடித்தது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய சங்கேதக் குறியீட்டை அது உருவாக்குவதால், பழைய குறியீட்டைத் திருடியும் பயனில்லை. இந்தியாவில் காந்தப்பட்டை மட்டுமே கொண்ட கார்டுகளை மாற்ற ரிசர்வ் வங்கி 2018 டிசம்பர் 31ஐக் கெடுவாக வைத்தது.

சிப் அட்டையைக் காக்கும்; ரகசிய எண்ணைக் காக்க வேண்டியவர்கள் நாம்தான். அதை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.