விதை காத்த நம்பிக்கை

மழை பொய்த்த ஆண்டில், குதிரில் கிடந்த நெல் அடிமட்டத்துக்கு வந்துவிட்ட பின்னரும், உழவன் விதைக்கோட்டையின் கட்டை அவிழ்ப்பதில்லை. குழந்தைகள் பசியென்று அழும். இல்லாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். ஆயினும் அவன் கை அதன்மீது செல்லாது. அடுத்த மழை வருமென்று அவனுக்கு எழுதிக் கொடுத்தவர் எவருமிலர். வந்தால் விதைப்பதற்கு விதை வேண்டுமே என்னும் ஒரே எண்ணம் அவனைத் தடுக்கிறது. நம்பிக்கை என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான உரையை நாம் கண்டதில்லை.

நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோர் பலர் அதனை வெறும் மனநிலையாகவே கருதுகின்றனர். எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருப்பவனையும் நம்பிக்கையுடையவன் என்கின்றனர். அஃது உண்மையாயின், சோம்பலுக்கும் நம்பிக்கைக்கும் வேறுபாடு ஏது? திருக்குறளில் இடுக்கண் அழியாமை 63-ஆம் அதிகாரமாக நிற்கிறது. அதற்கு முன்னே ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் மூன்று அதிகாரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. துன்பம் வந்தபோது கலங்காத உள்ளம், முயற்சியின் வழியே வாய்ப்பது என்று அவ்வைப்புமுறை நமக்கு உணர்த்துகிறது.

இதற்கு நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலேயே சிறந்ததொரு சான்று உண்டு. அது 1964 முதல் 1968 வரை நிகழ்ந்த உணவு நெருக்கடியின் வரலாறு. அதில் தமிழர் இருவரின் பங்கு பெரிது. வடபுலத்தில் குடியேறி, கோதுமையும் உண்டு வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம், அவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது கடமையுமாகும்.

1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அந்தப் புண் ஆறுமுன்னரே 1947-இல் விடுதலையும் வந்தது, பிரிவினையும் வந்தது. மேற்குப் பஞ்சாபின் செழித்த கால்வாய்ப் பாசன நிலங்கள் எல்லைக்கு அப்பால் சென்றன. மக்கள் தொகை பெருகிற்று. விளைச்சல் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. 1956 முதல் பி.எல். 480 என்னும் ஏற்பாட்டின்படி அமெரிக்கக் கோதுமை நம் துறைமுகங்களுக்கு வரத் தொடங்கியது. நாளடைவில், கப்பல் வந்தால்தான் பல ஊர்களின் பங்கீட்டுக் கடைகளில் தானியம் உண்டு என்னும் நிலை நேர்ந்தது.

பின்னர்த் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. 1964-65-இல் ஏறத்தாழ 8 கோடியே 90 இலட்சம் டன்னாக இருந்த உணவுதானிய விளைச்சல், மறு ஆண்டில் 7 கோடியே 20 இலட்சம் டன்னாகச் சரிந்தது. பீகாரில் பஞ்சம் தலைகாட்டியது. அமெரிக்க அதிபர் ஜான்சன், நம் நாட்டுக்குரிய கோதுமைக் கப்பல்களைச் சிறிது சிறிதாகவே விடுவித்துவந்தார். வாரம் ஒருவேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களை வேண்டினார். அவரும் 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் காலமானார். அவ்வாண்டு ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவே நாடு பிழைக்கும் என்று சொன்னவரைப் பித்தர் என்று உலகம் நகைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

உண்மையிலேயே பலர் நம்மைக் கைகழுவிவிட்டனர். வில்லியம் பேடக், பால் பேடக் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் 1967-இல் ஒரு நூல் வெளியிட்டனர். 1975-க்குள் பெரும் பஞ்சம் உலகைச் சூழும் என்றும், இந்தியாவைக் காக்க முடியாது என்றும், பிழைக்கக்கூடிய நாடுகளுக்கே தானியம் கொடுக்கவேண்டும் என்றும் அவர்கள் அதில் வாதிட்டனர். அவர்கள் பகைமையால் அவ்வாறு எழுதினர் என்று நாம் கருதவில்லை. அன்றைய விளைச்சலையும், பெருகிவந்த வாய்களையும் கூட்டிப் பார்த்தால் அந்த முடிவே கிட்டும். அவர்கள் கணக்கில் சேர்க்கத் தவறியது ஒன்றுதான்: அதே நேரத்தில் நம் வயல்களில் முளைத்துக்கொண்டிருந்த விதை.

அந்த விதையின் வரலாறு டில்லியிலுள்ள பூசாவோடு தொடர்புடையது. கரோல்பாக்கில் குடியிருந்த தமிழர்க்குப் பூசா சாலை நன்கு தெரியும். அப்பெயர் பீகாரிலிருந்து வந்தது என்பதை அறிந்தோர் சிலரே. 1905-இல் பீகாரின் பூசா என்னும் ஊரில் தொடங்கப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம், 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்தது. 1936-இல் அது டில்லிக்கு இடம் மாறியபோது ஊர்ப்பெயரும் உடன் வந்து சேர்ந்தது. ஊர்விட்டு ஊர் வந்தும் பெயர் மறவாதிருக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

அக்கழகத்தில் பணியாற்றியவர், 1925-இல் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். நம் நாட்டுக் கோதுமை நெட்டைப் பயிர். உரமிட்டால் தாள் ஓங்கும். கதிர் கனத்தால் பயிர் சாயும். சாய்ந்த பயிரில் மணி முற்றாது. ஆதலின் உரமிட்டும் பயனில்லை. மெக்சிகோவில் நார்மன் போர்லாக் என்னும் அறிஞர், ஜப்பானியக் குட்டைக் கோதுமையின் இயல்பைத் தம் வகைகளில் ஏற்றி, உரத்தைத் தாங்கிச் சாயாது நிற்கும் பயிரை உருவாக்கியிருந்தார். சுவாமிநாதன் முதலியோரின் முயற்சியால் போர்லாக் 1963 மார்ச்சில் இந்தியா வந்து வயல்களைச் சுற்றிப் பார்த்தார். அவ்வாண்டே அவருடைய விதைகள் சிறிய அளவில் வந்து சேர்ந்தன. ஹெக்டேருக்குச் சராசரியாக ஒரு டன்கூடக் கிட்டாத நாட்டில், சோதனை வயல்கள் நான்கு டன்னுக்கு மேலும் தந்தன.

விஞ்ஞானி கண்டதை நாடு ஏற்க வேண்டுமாயின், துணிந்து பொறுப்பேற்கும் ஓர் அமைச்சர் வேண்டும். அவர் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். 1964-இல் உணவு, வேளாண்மைத் துறை அவரிடம் வந்தது. அரசியலில் எவரும் விரும்பிக் கேட்கும் துறையன்று அது. பஞ்சம் வந்தால் பழி முழுவதும் அமைச்சர் தலைமேல் விழும். அவர் உழவனுக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்றார்; அதற்கென விலை ஆணைக்குழு 1965-இல் அமைந்தது. இந்திய உணவுக் கழகமும் அவ்வாண்டே தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. ஆராய்ச்சி மன்றத்தின் தலைமைக்கு பி. பி. பால் என்னும் விஞ்ஞானியையே கொணர்ந்தார். தாம் குடியிருந்த அரசு மாளிகையின் புல்வெளியைப் பெயர்த்துக் கோதுமை விதைத்தார். ஐயமுற்று வந்தவர்க்குச் சொற்பொழிவைக் காட்டிலும் அந்தக் கதிர்கள் நல்ல விடையளித்தன.

எதிர்ப்பும் இருந்தது. அன்றைய நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் தமிழரே. உரத்துக்காக அந்நியச் செலாவணியைச் செலவிடுவதும், தானிய விலையை உயர்த்துவதும் அவருக்கு உடன்பாடல்ல. நாடு பிறர் கையை எதிர்பார்க்க நேருமே என்று இடதுசாரிகள் அஞ்சினர். அயல்நாட்டுப் பயிருடன் நோயும் வருமோ என்று அறிவியலாரில் சிலர் ஐயுற்றனர். இவற்றுள் ஒன்றும் வீண்பேச்சன்று. நம்பிக்கையுடையவர் எதிர்ப்பவரை மூடர் என்று தள்ளுவதில்லை. அவர் சொல்லும் இடரை எடை போட்டுப் பார்த்து, அதன் பின்னரும் செயலில் இறங்குகின்றனர். சுப்பிரமணியம் அவ்வாறே செய்தார்.

1965-இல் இந்தியாவுக்கென 250 டன் விதை வாங்கப்பட்டது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் உரிய விதையை ஏற்றிய லாரிகள் மெக்சிகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்குச் சென்றபோது, அந்நகரில் கலவரம் மூண்டு வழி மறிபட்டது. ஒருவாறு விதை கடலேறியதும் இங்கே இரு நாடுகளுக்கும் இடையே போர் தொடங்கிற்று. வந்த விதையிலும், பூச்சிமருந்துப் புகை அளவுக்கு மிஞ்சியதால், பெரும்பகுதி முளைக்கும் திறன் குன்றியிருந்தது. இது தெய்வத்தின் எச்சரிக்கை என்று கைவிட்டிருப்பின் பழிப்பார் எவருமிலர். விதையளவைக் கூட்டி விதைக்கச் சொன்னார் போர்லாக். பயிர் பிழைத்தது. மறு ஆண்டு, 1966-இல், அந்நியச் செலாவணி அரிதாயிருந்த அந்த நாளிலேயே, 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து வரவழைக்கப்பட்டது. உண்ணுவதற்குத் தானியம் வேண்டி உலகின் முன் கையேந்திய நாடு, விதைப்பதற்கென்று இவ்வளவு செலவிட்டதே, அதுதான் நாம் முன்னே சொன்ன விதைக்கோட்டை.

1967 பிப்ரவரியில் பொதுத்தேர்தல் வந்தது. தமிழகத்தில் காங்கிரஸ் வீழ்ந்தது, சுப்பிரமணியமும் தோற்றார், அமைச்சர் பதவி போயிற்று. 1968 வேனிலில் பயிர் அறுவடையானது. அதற்கு முன் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டன்னுக்கு மேல் போகாதிருந்த கோதுமை விளைச்சல், 1 கோடியே 65 இலட்சம் டன்னாக உயர்ந்தது. பஞ்சாபில் களஞ்சியங்கள் போதாமல் பள்ளிக்கூடங்களிலும் மூட்டைகளை அடுக்கினர். அவ்வாண்டு ஜூலையில் பிரதமர் இந்திரா காந்தி கோதுமைப் புரட்சியைக் குறிக்கும் அஞ்சல் தலையை வெளியிட்டார். விதைத்தவர் அறுவடையின்போது நாற்காலியில் இல்லை. ஆயினும் விளைந்தது விளைந்ததே. 1998-இல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. 2000-இல் அவர் மறைந்தார். சுவாமிநாதனுக்கு அவ்விருது 2024-இல் அறிவிக்கப்பட்டபோது, அவர் மறைந்து சில திங்கள் கழிந்திருந்தன.

வெற்றியின் நடுவிலும் கண்ணை மூடாதிருப்பது நம்பிக்கையின் மற்றோர் இலக்கணம். 1968 ஜனவரியில், அறுவடைக்குச் சில திங்கள் முன்பே, வாரணாசியில் கூடிய அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதன் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மண்ணின் வளத்தைப் பேணாமல், நிலத்தடி நீரை அளவின்றி இறைத்து, மருந்துகளை வரம்பின்றித் தெளித்தால் பின்னாளில் பெருங்கேடு நேரும் என்பதே அதன் கருத்து. அதனை நாடு போதிய அளவு செவிமடுக்கவில்லை. பஞ்சாபில் நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே செல்கிறது, நிலம் களைத்திருக்கிறது. ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் உணவுதானியம் விளைவிக்கும் நாடாக நாம் உயர்ந்திருக்கிறோம். அந்த உயர்வுக்கு நிலம் கொடுத்த விலையையும் அறிந்திருக்கவேண்டும். வெற்றியால் தோன்றிய துன்பத்துக்கும் தீர்வு தேடவேண்டும். அதற்கும் புதிய விதைகளும் புதிய உழைப்பும் வேண்டும்.

பெரிய வரலாற்றைச் சிறிய வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. மாற்றல் உத்தரவு எப்போது வருமென்று அறியாமல் காலனியில் குடும்பம் நடத்துகிறோம். பிள்ளைகள் எந்த ஊரில், எந்த நாட்டில் வேர்விடுவர் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் பேரக்குழந்தைகளிடம் தமிழில் பேசுவரோ, அதுவும் தெரியாது. இவற்றையெல்லாம் எண்ணிப் பெருமூச்சு விடுவோரும் நம்மிடையே உண்டு. எல்லாம் தாமே சரியாகும் என்று சும்மா இருப்போரும் உண்டு. இவ்விருவராலும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு நாற்காலிகூட எடுத்துப் போடப்படுவதில்லை. வகுப்புக்கு நான்கே குழந்தைகள் வந்தாலும், கரும்பலகையைத் துடைத்து அகரம் எழுதத் தொடங்கும் ஆசிரியரே நம் சங்கத்தின் நம்பிக்கை.

இவ்வாண்டு விழாவில் கூடும் நாம் அவருக்குக் கைதட்டுவதோடு நின்றுவிடாமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கைப்பிடித்து அவ்வகுப்புக்கு அழைத்துச் செல்வோமாக.