பூட்டிக் என்னும் சிறுகடை: இலாபம் எங்கே இருக்கிறது?

லண்டனில் வாழும் என் சகோதரியின் மகள் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்துவிட்டதாம். கைக்குக் கிடைத்த பணத்தில் பெண்களுக்கான ஆடையகம் ஒன்று, அவளது மொழியில் ஒரு 'பூட்டிக்', தொடங்க எண்ணுகிறாள். "மாமா, நீங்கள் கடைக்காரற்ரை பிள்ளை. சொல்லுங்கோ, தொடங்கட்டோ?" என்று கேட்டாள்.

பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்த எனக்கு வியாபார ஆலோசனை கூறும் தகுதி கிடையாது. ஆயினும் பழைய செய்திகளைத் தோண்டியெடுக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. அவள் கடை திறக்க விரும்பும் அதே நகரில், இரண்டு இளம் பெண்கள் திறந்த இரண்டு சிறுகடைகளின் கதை நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சொன்னதையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று 'பூட்டிக்' என்றதும் கண்ணாடி யன்னலும் குளிரூட்டியும் கண்முன் வருகின்றன. ஆனால் இலங்கை ஆங்கிலத்தில் நெடுங்காலமாக அச்சொல் குறித்தது தெருவோரச் சிறுகடையை. வெற்றிலையும் தீப்பெட்டியும் வாழைக்குலையும் தொங்கும் கடையை. அது போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல். போர்த்துக்கீசச் சொல்லுக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கும் மூலம் ஒன்றே. களஞ்சியம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'அபோதீக்கே'யே அது. களஞ்சியம் என்ற அந்தப் பொருளை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். துணி வியாபாரத்தின் ஆபத்து முழுவதும் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

1955 நவம்பரில், லண்டன் செல்சி பகுதியின் கிங்ஸ் வீதியில் 'பசார்' என்ற பெயரில் ஒரு கடை திறக்கப்பட்டது. கிழக்கின் சந்தையைக் குறிக்கும் பெயர் கொண்ட அக்கடையின் மூவரில் ஒருவர் மேரி குவாண்ட். அப்போது அவருக்கு வயது 25. ஓவியக் கல்வி கற்றவர். தொப்பி தைப்பவரிடம் தொழில் பழகியவர். பின்னாளில் கணவரான அலெக்சாண்டர் பிளங்கெட் கிரீன், சட்டத்தரணியாக இருந்து புகைப்படத் துறைக்கு வந்த ஆர்ச்சி மக்நேயர் ஆகிய இருவரும் தலைக்கு 5,000 பவுண் முதலிட்டனர்.

தொடக்கத்தில் பிறர் தைத்த ஆடைகளை வாங்கி விற்றார்கள். தாம் விரும்பிய ஆடைகள் மொத்த வியாபாரிகளிடம் கிடைக்கவில்லை. எனவே குவாண்ட் தாமே தைக்கத் துணிந்தார். கடைகளில் விற்கும் காகித வெட்டுருக்களை வாங்கி மாற்றி அமைத்தார்; மாலை வகுப்புக்குச் சென்று துணி வெட்டப் பழகினார். துணியை மொத்த விலைக்கு வாங்கலாம் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஹரொட்ஸ் பேரங்காடியில், ஏனைய வாடிக்கையாளர்களைப் போலவே சில்லறை விலை கொடுத்துத் துணி வாங்கினார்! பகலில் விற்ற பணத்தில் துணி வாங்கி, இரவில் தைத்து, மறுநாள் தொங்கவிட்டார்கள்.

வெளிப்பார்வைக்கு இது அறியாமை. கொள்விலை கூடியதால் இலாபம் மெலிந்தது என்பது உண்மையே. ஆனால் அந்த அறியாமைக்குள் ஒரு பாதுகாப்பும் இருந்தது. நேற்று எது விற்றதோ அதுவே இன்று தைக்கப்பட்டது. விற்காத துணி மலைபோலக் குவிய இடமே இருக்கவில்லை. கடைக்குள் உரத்த இசை, வருவோருக்கு மதுபானம், இரவிலும் திறந்த கதவு, வீதியில் போவோரை நிறுத்திவைத்த காட்சி யன்னல் என வாடிக்கையாளரை ஈர்க்கும் வித்தைகள் யாவும் இருந்தன. ஆயினும் கடை நிலைத்தமைக்கு வேலைப் பகிர்வையே நான் முதற் காரணமாகக் கருதுகிறேன். குவாண்ட் வடிவமைத்தார், கணவர் விளம்பரத்தையும் விற்பனையையும் பார்த்தார், மக்நேயர் கணக்கையும் ஒப்பந்தங்களையும் கவனித்தார்.

1957இல் நைட்ஸ்பிரிட்ஜில் இரண்டாவது கடை வந்தது. அதன்பின் அவர்கள் நம்பியது கடைகளின் எண்ணிக்கையை அன்று. 1962இல் அமெரிக்காவின் ஜே. சி. பென்னி நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார்கள். 1963இல் 'ஜிஞ்சர் குரூப்' என்ற பெயரில் குறைந்த விலை ஆடைகளை மொத்தமாகப் பிற கடைகளுக்கு விற்றார்கள். 1966இல் அழகுசாதனப் பொருள்கள் வந்தன. கடைகள் மூடப்பட்ட பின்னரும் ஐந்திதழ்ப் பூச்சின்னமும் பெயரும் வருமானம் தந்தன. குவாண்ட் 2023 ஏப்ரலில், 93ஆவது வயதில் காலமானார்.

மற்றைய கதை பார்பரா ஹுலானிக்கியுடையது. போலந்தில் பிறந்து பிரித்தானியாவில் வளர்ந்தவர். நாகரிக உடைகளை வரையும் ஓவியர். கணவர் ஸ்டீபன் பிட்ஸ்-சைமன் விளம்பரத் துறையைச் சேர்ந்தவர். இருவரும் முதலில் கடை திறக்கவில்லை. தபால் மூலம் விற்றார்கள். 1964 மே மாதம் 'டெய்லி மிரர்' பத்திரிகையில், அவர்களது இளஞ்சிவப்புக் கட்டத்துணிச் சட்டை ஒன்றின் படம் வெளியானது. விலை 25 ஷில்லிங். வந்து குவிந்த கட்டளைகள் ஏறத்தாழ 17,000! பத்திரிகையின் ஒரு பக்கம் செய்யக்கூடிய வேலை அது.

அவ்வாண்டே கென்சிங்டனின் அபிங்டன் வீதியில் 'பீபா' கடை திறக்கப்பட்டது. அது முன்னர் ஒரு மருந்துக்கடை. மருந்துக்கடைக்கும் மூலச்சொல் அதே 'அபோதீக்கே' என்பது சுவையான பொருத்தம். விலை குறைவு, ஆடைகள் வேகமாக மாறின, தொழிற்சாலைப் பெண்களும் அலுவலகப் பெண்களும் சனிக்கிழமைகளில் நெருங்கியடித்தார்கள். கடை பெரிதானது, மேலும் பெரிதானது. 1969இல், டொரதி பேர்க்கின்ஸ் நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 1973 செப்டெம்பரில், கென்சிங்டன் பெருந்தெருவின் ஏழுமாடிப் பேரங்காடி முழுவதும் பீபா ஆயிற்று. அதே ஆண்டில் பங்குகள் பிரிட்டிஷ் லான்ட் என்ற காணி, கட்டட நிறுவனத்தின் கைக்கு மாறின.

காலம் கைகொடுக்கவில்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடி, 1974இன் தொடக்கத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த விதிக்கப்பட்ட மூன்று நாள் வேலைவாரம், காணி விலைச் சரிவு என அடிமேல் அடி. பார்க்க வந்தோர் ஏராளம், வாங்கியோர் போதவில்லை, களவும் மலிந்தது. 1975இல் பீபா மூடப்பட்டது. பெயர்கூட ஹுலானிக்கியின் கையில் இருக்கவில்லை.

மூன்றாவது கதை எந்த நூலிலும் இல்லை. அது என் தந்தையாருடையது.

யாழ்ப்பாண நகரில் அவருக்கு ஒரு சிறிய புடைவைக்கடை இருந்தது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் இடையில் நடக்கும் வியாபாரமே ஆண்டைத் தாங்கும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. துணி தட்டுப்பாடு. ஆனால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால், எங்கள் தோட்டக்காரர்களின் கையில் பணம் புழங்கியது. அதைக் கண்டு தந்தையார் 1973இல் சுன்னாகத்தில் இரண்டாவது கடையைத் திறந்தார். அறுவடை முடியத் தருவதாகக் கூறியவர்களுக்குக் கடன் கொடுத்தார். கொப்பி தடித்தது. 1977இன் இறுதியில் திறந்த பொருளாதாரம் வந்தது. மிளகாய், வெங்காயத்தின் விலை வீழ்ந்தது, கடன் திரும்பவில்லை. கொழும்பிலிருந்து புதுப்புதுத் துணிகள் வந்ததால், இறாக்கையில் இருந்த பழைய சரக்கை எவரும் தொடவில்லை. 1979இல் இரண்டு கடைகளும் மூடப்பட்டன.

கதவைப் பூட்டிய அன்று அவர் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. "இலாபம் காசுப்பெட்டியிலை இருக்கோணும். நான் அதை இறாக்கையிலையும் கொப்பியிலையும் வைச்சிட்டன்."

வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கடை இறுதிநாள் வரை நிறைந்த கடையாகவே தெரிந்தது. அந்த நிறைவே நோய் என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே.

மருமகளுக்கு நான் கூறிய விடை இதுதான். கடைக்கு வாடகை பேசுமுன், பத்து ஆடைகளைத் தைத்து அறிந்தவர்களிடமும் அறியாதவர்களிடமும் விற்றுப் பார். உறவினர் வாங்குவதை வியாபாரக் கணக்கில் சேர்க்காதே. விற்றதை மீண்டும் செய். விற்காததை அன்றைக்கே விலை குறைத்துத் தள்ளு. வாடகை ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் என்பதை மறவாதே. கணக்குப் பார்க்க உன்னைவிடக் கண்டிப்பான ஒருவரை வைத்துக்கொள். முதற்கடை தன் சொந்த உழைப்பில் இரண்டு தீபாவளிகளைக் காணும்வரை இரண்டாவது கடையை நினையாதே.

சிறிது நேரம் அவள் பேசவில்லை. பின்னர், "தாத்தாவின்ரை கதையை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே மாமா" என்றாள்.

உண்மைதான். வென்ற கடைகளின் கதையைப் பத்திரிகைகளில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம். எங்கள் வீட்டிலேயே மூடிய கடையைப் பற்றி, இன்றுவரை நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.